சாமி பாட்டுக்கு ஏது ஓனர்?

விவேக் நகரில் விளம்பர வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஜோவிதா, தன்னளவில் பெரிய சட்ட நிபுணி. சினிமாப் பாட்டைத் தொட்டால் கம்பெனிக்காரன் வருவான் என்பது அவளுக்குத் தெரியும். சாமி பாட்டென்றால்? ஆண்டவரா நோட்டீஸ் அனுப்பப் போகிறார்!

பல் டாக்டர் உமேஷின் கிளினிக்தான் அவளுக்கிருந்த ஒரே பெரிய வாடிக்கை. மாதம் ஒரு வீடியோ, ஒரு வருஷ ஒப்பந்தம். நோயாளிகளின் பயம் தெளிய அமைதியான இசை வேண்டும் என்றார் டாக்டர். ஜோவிதா தன் மாதா கோயிலில் கேட்ட பாட்டொன்றின் பதிவை எடுத்துப் போட்டாள். இணையத்து மெஷின் கண்டுபிடிக்காமலிருக்கக் குரலை இரண்டு கட்டை ஏற்றினாள். பாடியவர் பொறியில் மாட்டிய எலியானார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கீழே, 'பாட்டு உரியவருக்கே சொந்தம்' என்று ஒரு வரி வேறு. திருடன் பீரோவைக் காலி செய்துவிட்டு, நன்றி என்று சீட்டு எழுதி வைத்த மாதிரி.

ஒன்பதாம் நாள் டாக்டருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிட்டவர் ஆஸ்டின் டவுன் மௌரீன். ஜோவிதா போகும் அதே கோயிலின் பாடகி.

"நோட்டீஸ் என் பேருக்கு வந்திருக்கும்மா," என்றார் டாக்டர். "ஆனா அக்ரிமெண்ட்ல நாலாவது பக்கம் படிச்சியா? பாட்டுத் தகராறு வந்தா உன் ஜவாப்தாரி. அவங்ககிட்ட லெட்டர் வாங்கிட்டு வா. இல்லாட்டி ஒப்பந்தம் கேன்சல்."

நாலாவது பக்கத்தை யார் படிக்கிறார்கள்? மௌரீன் வீட்டுக்கு ஓடினாள்.

"ஆன்ட்டி, சாமி பாட்டுதானேன்னு..."

"மைக்கு முன்னாடி சாமியா வந்து நின்னாருடி? நான் நின்னேன். கேக்காம எடுத்தது ஒரு தப்பு, குரலைக் கெடுத்தது இன்னொரு தப்புங்கிறாரு வக்கீல். எனக்கு ரெண்டாவதுதான்டி வலிக்குது. ஒரு போன் பண்ணிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்!"

ஜோவிதாவின் அழுகைக்கு இரங்கி மௌரீன் அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றே: பாட்டு அவருடைய சொந்தக் குரலில், ஒரு சுரம் மாறாமல் வர வேண்டும்.

திருத்திய வீடியோவை டாக்டர் பார்த்தார். பல் பிடுங்கும் நாற்காலி திரையில் மெல்லச் சாய, மௌரீன் அட்சரசுத்தமாகப் பாடினார்: "கடைசி மூச்சு பிரிகையிலே கைவிடாதிரும் ஆண்டவரே..."

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ, இது என்ன பாட்டும்மா?"

"கல்லறையில அடக்கத்துக்குப் பாடறது, டாக்டர். கேட்டா மனசு அமைதியாகும்."

"பேடா தாயி! பாட்டே பேடா, வேண்டவே வேண்டாம்!"

நோட்டீஸ் வாபஸானது, ஒப்பந்தமும் பிழைத்தது. கிளினிக்கின் வீடியோக்கள் இப்போது ஊமை. மௌரீனுக்குத்தான் மறுபடியும் கோபம்.

"திருடறப்ப இனிச்ச பாட்டு, நானா குடுத்தா கசக்குதாடி?"