கோச்சுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்

அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் அணி இந்த சீசனில் ஏன் மண்ணைக் கவ்வியது, அடுத்த சீசனுக்குள் அதற்கு என்னென்ன வேண்டும் என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுப்பது என் வேலை. சித்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய், ஒரு டிபன் கடையின் மாடியில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். அந்த ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஃபுட்பால் என்று பெயர் வைத்துவிட்டுப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே என்ற சந்தேகம் இருந்தது. முதல் சம்பளத்தோடு தீர்ந்தது.

மாடியில் நாங்கள் நான்கு பேர். எங்கள் லீடர் சித்தூர்ப் பக்கம் புத்தலப்பட்டு ஊர்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். அவள் என்னை அண்ணா என்பாள், நான் அவளை மேடம் என்பேன். யார் யாரிடம் லீவு கேட்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். மற்ற இருவர், திருத்தணியிலிருந்து ரயிலில் வந்து போகிற ஒரு பெண்ணும், உள்ளூர்க்காரர் ஒருவரும். வாரா வாரம் ஆட்டச் செய்தி எழுதுவது அவர்கள் பாடு.

எங்களுக்கு இருப்பது ஒரே வாடிக்கையாளர். அந்த அணியின் ரசிகர்களுக்காக இணையதளம் நடத்துகிற ஓர் அமெரிக்கர். ஒப்பந்தம் முடிகிற மாதம் இது. சீசன் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். வேண்டாம் என்றால் மாடி காலி. மேடம் பழையபடி ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். ஐம்பதைத் தாண்டிய என்னை ஏற்றிக்கொள்ள எந்தக் கம்பெனி பஸ்ஸும் நிற்காது.

எனவே உயிரைக் கொடுத்து எழுதினேன். பந்தை எறிகிறவன் நல்லவன்தான், அவன் பார்க்காத பக்கத்தில் காவல் நிற்கிற தடியன்தான் ஓட்டை என்றேன். கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கும்போது மட்டமாக ஆடிய அணிக்குத்தான் முதல் உரிமை. என் பள்ளியில் இந்த விதி இருந்திருந்தால் நான் இன்று டாக்டர். அந்த உரிமையை வைத்து நல்ல காவல்காரனாகப் பிடியுங்கள் என்றேன். இதுவரை பழுதில்லை. கடைசிப் பத்தியில் கோச்சைத் தொட்டேன்.

‘இவரை வடக்கே ஒரு சின்ன ஊர் அணிக்கு மாற்றிவிட்டு, அங்கே இருக்கிறவரை இங்கே கொண்டுவர வேண்டும். இருவருக்கும் நல்லது. மே மாதத்துக்குள் முடித்தால் வசதி.’

இது எனக்குத் தப்பாகவே படவில்லை. நான் சித்தூரில் பழைய மிஷன் சபைக்காரன். போதகரை நாங்கள் ஐயர் என்போம். எந்த ஐயரையும் யாரும் வேலையை விட்டு நீக்கி நான் பார்த்ததில்லை. பிரசங்கம் நீளம், கமிட்டியோடு லடாய், எதுவாக இருந்தாலும் மே மாதம் பிஷப் டிரான்ஸ்ஃபர் போடுவார். அங்கே சரிப்படாதவர் இங்கே வருவார், இங்கே சரிப்படாதவர் அங்கே போவார். சாமான் லாரிகள் இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்து போகும். ஓர் ஐயரைக் கிளப்ப மனுவில் கையெழுத்தும் போட்டு, அவருக்கே சால்வையும் போர்த்தியிருக்கிறேன். எந்தத் தலைமைக்கும் மேலே ஒரு பிஷப் இருப்பார் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

கட்டுரை வெளியான மறுநாள் காலை, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது மேடத்தின் போன் வந்தது.

“அண்ணா, இன்னாண்ணா எழுதி வெச்சிருக்கீங்க?”

“ஏன் மேடம், ஸ்பெல்லிங்கா?”

“ஸ்பெல்லிங்க நான் பாத்துட்டேன். அத மட்டும்தான் பாத்தேன், அதான் என் தலையெழுத்து. கோச்சை எந்துக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணீங்க?”

“சரியா ஆட வைக்கலியே.”

“அவரு இன்னா கவர்ன்மென்ட் டீச்சரா? அங்க ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ஓனர். புடிக்கலன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. டிரான்ஸ்ஃபர் போடறதுக்கு அங்க யாருமே இல்லண்ணா!”

“யாருமேவா?”

“யாருமே. ஜனங்க கமெண்ட்டா கொட்டிக்கினு இருக்காங்க. நம்ம வெப்சைட்டுக்காரரு சாயங்காலம் வீடியோ கால்ல வர்றாராம். மெயில்ல ‘பேசணும்’னு மட்டும் போட்டிருக்காரு.”

பேசணும் என்று ஒற்றை வார்த்தை எழுதுகிறவர் நல்லது சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. அன்று பகல் முழுக்க மாடியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கீழே தோசை வார்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மேடம் ஆங்கிலத்தில் மன்னிப்பை முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

“நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்.”

“தப்பு என்னுது மேடம்.”

“அதனாலதான் சொல்றேன்.”

சாயங்காலம் மற்ற இருவரும் பொறுக்க முடியாமல் டீக்குக் கீழே இறங்கிப் போனார்கள். திரையில் அமெரிக்கர் வந்தார். தலையில் தொப்பி, கையில் காபி, முகத்தில் ஒன்றுமில்லை. எழுதியது யார் என்று கேட்டார். மேடம் மன்னிப்பைத் தொடங்குவதற்குள் நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கிவிட்டேன். எந்த கோச் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்றார். உண்மையைச் சொன்னேன். சபை, பிஷப், மே மாதம், லாரி. அவர் காபியை ஒரு மிடறு குடித்தார். பிறகு, “ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை” என்று வாயைத் திறந்தார். திரை உறைந்தது.

திறந்த வாய் அப்படியே நின்றது. மேடம் மவுஸைப் பிடித்த பிடியில் அது உடைந்துவிடும்போல இருந்தது. “ஓகேன்னு சொல்ற வாயாண்ணா இது?” என்றாள். நான் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன்.

படம் மறுபடி நகர்ந்தபோது அவர் பாதிப் பேச்சில் இருந்தார். வாராந்திர ஆட்டச் செய்திகளை இனி மெஷின் எழுதிவிடும், சுத்தமாகவே எழுதுகிறது. அதைச் சரிபார்க்க மேடம் போதும். ஆனால் இப்படி ஒரு தப்பை மெஷினால் செய்ய முடியாது. நேற்றிலிருந்து வாசகர்கள் எந்த கோச்சை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று அடித்துக்கொள்கிறார்கள். அதனால் எல்லா அணிகளின் கோச்சுகளுக்கும் நான் டிரான்ஸ்ஃபர் போட்டுத் தர வேண்டும். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆக, எனக்கு பிஷப் பதவி. அறிவுக்கு இதுவரை கிடைக்காத மரியாதை அறியாமைக்குக் கிடைத்திருக்கிறது. சிரிக்கலாம் என்று திரும்பினேன். மேடம் மற்ற இருவரின் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க ரெண்டு பேருக்கும் டிரான்ஸ்ஃபர் போட ஊர் இல்லண்ணா.”

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“வாங்க, போவலாம்” என்று எழுந்தாள்.

கீழே அவர்கள் எங்களுக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருந்தார்கள். திருத்தணிப் பெண் என் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டு ஆவலாக என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா சார், கோச் தப்பிச்சாரா?”

டீ சூடாக இருந்தது. ஊதிக்கொண்டே நின்றேன்.