அந்தக் கோவிலை எனக்குத் தெரியும்

1997ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை. இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் எகிப்தியத் தொல்லியல் படிப்பிக்கும் பேராசிரியை. நான் அவரை சினியோரா என்றுதான் கூப்பிடுவேன். மற்றவர் அவருடைய தகப்பனார். இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டோடு இருந்தவர். மகள் வெளிநாடு போனால் அவரைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

சினியோராவின் வாழ்க்கை முழுக்க ஒரு கோவிலைச் சுற்றித்தான். மூவாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் எகிப்தை ஆண்ட ஓர் அரசி, தான் இறந்த பிறகும் தனக்குப் பூசை நடக்க வேண்டும் என்று மலையடிவாரத்தில் கட்டுவித்த கோவில் அது. ஒவ்வொரு குளிர்காலமும் ஓர் ஆய்வுக் குழுவோடு போய் அதன் சுவர்ச் சித்திரங்களைப் படியெடுத்து வருவார். வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் அதன் படம் மாட்டியிருக்கும். தட்டுத்தட்டாக உயரும் கட்டடம், நடுவே ஒரு நீண்ட சாய்வுப் பாதை, வரிசையாகத் தூண்கள், பின்னால் சுவர்போல நிற்கும் மஞ்சள் மலை. தூசி துடைத்துத் துடைத்து எனக்கு அது மனப்பாடம்.

ஒருநாள் ஒரு படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி விளக்கம் சொன்னார். அரசி இறந்த பிறகு அவருடைய உருவத்தைச் சுவரிலிருந்து உளியால் கொத்தி எடுத்துவிட்டார்களாம். ஆனால் விளிம்பு பிசகாமல் கொத்தியதால் அவர் நின்ற வடிவம் கல்லில் அப்படியே தெரிகிறது. அந்தக் கொத்தலை வைத்துத்தான் அரசி கையில் என்ன பிடித்திருந்தார், தலையில் என்ன அணிந்திருந்தார் என்று கண்டுபிடிக்கிறாராம். எப்போதோ செத்துப்போன ஒருத்திக்காக இந்த மனிசி இவ்வளவு மினக்கெடுகிறாரே என்று எனக்கு ஒரே வியப்பு.

அந்தத் திங்கட்கிழமை மதியம் பெரியவருக்கு சூப் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தற்செயலாக நிமிர்ந்தேன். திரையில் அந்தத் தூண்கள், அந்தச் சாய்வுப் பாதை, அந்த மலை. செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று விளங்குவதற்கு முன்பே இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. சினியோராவின் கோவில்! அவர் அப்போது அங்கேதான் இருந்தார்.

பெரியவரின் கையிலிருந்த கரண்டி கோப்பைக்குள் விழுந்தது. காலையில் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் அங்கே நின்ற சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுவிட்டார்களாம். கோவிலுக்குள் ஓடியவர்களையும் துரத்திப் போய்ச் சுட்டார்களாம். பலர் இறந்துவிட்டார்கள் என்றார்கள். பெயர்கள் எதுவும் சொல்லவில்லை.

பெரியவர் என் கையை இறுகப் பிடித்தார். "நீ ஒவ்வொரு நாளும் அந்தப் படங்களைப் பார்க்கிறனியெல்லே. சொல்லு, உள்ளுக்கை ஒளிக்க இடம் இருக்குமே?"

போர் நடந்த எங்கள் ஊரிலும் ஷெல் அடிக்கும்போது சனம் கோவிலுக்குத்தான் ஓடியது. கோவில் என்றால் ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கை. அப்படி ஓடியவர்களுக்கு என்ன நடந்தது என்று என் கண்ணால் பார்த்தவள் நான். அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"இருக்கு. நிறைய இடம் இருக்கு," என்றேன்.

சினியோரா தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தேன். இணைப்பே கிடைக்கவில்லை. பெரியவரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்துவிட்டு அவருடைய நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. பெரியவர் அதைப் பார்த்தபடியே இருந்தார், எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

"நான்தான். உயிரோடை இருக்கிறன். முதலிலை அப்பாவிட்டைச் சொல்லு."

முதல்நாள் முழுக்கப் பல்வலியாம். வேறு வழியில்லாமல் காலையில் ஆற்றைக் கடந்து அக்கரையில் பல் வைத்தியரிடம் போயிருக்கிறார். பயணம் வெளிக்கிட முன்பே பல்லைப் பிடுங்கிவிட்டுப் போ என்று பெரியவர் மகளோடு சண்டை பிடித்தது எனக்குத் தெரியும். இப்போது தொலைபேசியை வாங்கி, "நான் சொன்னதை நீ ஒருநாளும் கேக்கிறேல்லை, ஒருநாளும் கேக்கிறேல்லை" என்று ஏசி ஏசி அழுதார்.

அன்று பஸ் ஏறி பிரான்காச்சோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் நானும் உடைந்துபோனேன். கணவர் தோட்ட வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"நீர் எங்கடை கதையள் ஒண்டும் அங்கை கதைக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை."

"அது காணும். இஞ்சை ஆருக்கப்பா அது வேணும்?"

அவரில் பிழையில்லை. நாங்கள் இருவருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த நகரத்தில் எங்களிடம் யாரும் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைத் தாண்டி எதையும் கேட்டதில்லை.

டிசம்பரில் சினியோரா திரும்பி வந்தார். மெலிந்துபோயிருந்தார். பெட்டியைக் கூடத் திறக்காமல் குசினிக்குள் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"அதுக்குப் பிறகு நான் அங்கை போனனான். நிலமெல்லாம் கழுவி வைச்சிருந்தினம். இத்தனை வருஷமா அந்த இடத்தைச் செத்தவையின்ரை இடம் எண்டுதான் படிச்சனான். அந்தக் கல்லிலை கால் வைக்க ஏலாமல் போச்சு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ போர் நடக்கிற நாட்டிலையிருந்து வந்தனி. நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. உனக்கு என்ன நடந்தது?" என்றார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். எங்கள் கோவில் மண்டபத்தைச் சொன்னேன். கூரையில் விழுந்த ஷெல்லைச் சொன்னேன். எனக்கு முன்னால் ஓடிப்போய்த் தூணோடு ஒட்டி நின்ற என் தங்கச்சியைச் சொன்னேன். அவளைப் பற்றி வாய் திறந்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சினியோரா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தங்கச்சியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயர் அவருடைய வாயில் வரவில்லை. திரும்பவும் சொல்லச் சொல்லி, திரும்பவும் முயன்று, சரியாக வரும்வரைக்கும் விடவில்லை.

இப்போதும் இந்த நகரத்துக்குப் புதிதாக வந்தவர்களைக் கண்டால், பெர்மெசோ கிடைத்ததா என்று கேட்பதோடு நான் எழுந்து போவதில்லை. உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவர்கள் எவ்வளவு நேரம் எடுத்தாலும் பக்கத்தில் இருக்கிறேன்.