பேர் வைக்காத மெழுகுவர்த்தி

தந்தா ஊரில் கொண்டைக்கடலை வறுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ரவூஃபும் ஒருவன். முப்பத்தாறு வயது. பதினைந்து வருடமாக ஒரே கடை, ஒரே வாணலி. சூடான மணலுக்கு மேலே உள்ளங்கையைக் காட்டிப் பதம் சொல்லிவிடுவான். அந்த ஒரு சாமர்த்தியம் போதும், உலகத்தில் எதையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவி.

மனைவி நக்வான் மாசமாக இருந்தபோது கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டான். "அடுப்புல நிக்கிறவனுக்குத் தூக்கமெல்லாம் ஒரு விஷயமாய்யா? பிள்ளை அழுதா நான் பாத்துக்குவேன், அவ நிம்மதியா தூங்கட்டும்." தூளியில் சத்தமில்லாமல் உறங்கும் பிள்ளை, தலைபின்னி உட்கார்ந்து, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் முகாத் கஞ்சியைக் குடிக்கும் மனைவி, கடலைப் பொட்டலத்தோடு உள்ளே நுழையும் தான். இப்படி ஒரு படத்தை மனதில் மாட்டி வைத்திருந்தான்.

பெண் பிறந்தாள். படம் முதல் நாளே கழன்று விழுந்தது. பிள்ளை நெஞ்சின்மேல் கிடந்தால் மட்டும் தூங்கும். கீழே விட்டால் வாணலியில் போட்ட கடலை மாதிரி துள்ளிக் கத்தும். நாலாம் நாள் ரவூஃப் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். ஒரே கடலைக்கு இரண்டு தடவை உப்புத் தண்ணீர் தெளித்தான். முதலாளி ஒன்றை வாயில் போட்டுத் துப்பினார்.

"ஏம்ப்பா, பிள்ளை பெத்தது உன் பொண்டாட்டியா, நீயா? வீட்டுக்குப் போய்ச் சேரு!"

தூக்கம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். அவனைத் தின்றது வேறொன்று. வயிற்றில் இருந்தபோது நக்வான் பிள்ளையோடு நாளெல்லாம் பேசுவாள். தக்காளி விலை, மாடிவீட்டுச் சண்டை, எல்லாம் வயிற்றுக்கு ஒப்பித்தாக வேண்டும். அவன் கதவோரம் நின்று கேட்டுச் சிரிப்பான். பிள்ளை பிறந்த பிறகு பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், குளிப்பாட்டினாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தா" என்றுகூடச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கேட்டேவிட்டான்.

"அவகிட்ட ஏன் நக்வான் பேசவே மாட்டேங்கிற?"

"என்ன பேசட்டும்? பாத்ததுமே பாசம் பொங்கும்னாங்க. எனக்கு ஒண்ணுமே தோணலைங்க. தூங்கினா போதும்னு இருக்கு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

அவன் யாரிடமும் சொல்லவில்லை. இவள் இப்படியே ஊமையாகிவிடுவாளோ, பிள்ளையை வேண்டாமென்று விட்டுவிடுவாளோ என்ற பயத்தை மட்டும் வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தான்.

ஏழாம் நாள் பேர் வைக்க வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து அவனுடைய அக்கா இன்ஷிராஹ் மூன்று சின்ன மெழுகுவர்த்திகளோடு காலையிலேயே வந்துவிட்டாள். ஆளுக்கொரு பேர், பேருக்கொரு மெழுகுவர்த்தி. எது கடைசியாக அணைகிறதோ அந்தப் பேர்தான் பிள்ளைக்கு.

"இது நம்ம அம்மா பேரு, பஹியா. உன்னோடது என்னடா?"

"மிர்வத்."

"நக்வான், நீ சொல்லும்மா."

"நீங்களே ஏதாவது வைங்கக்கா." அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பேரு சொல்லக்கூடவா அலுப்பு? சரி, இது உன்னோடது. எரிஞ்சு முடியறதுக்குள்ள சொல்லு." மூன்றாவதைப் பேரில்லாமலே ஏற்றி வைத்தாள் அக்கா. "டேய், நான் பிள்ளையைக் கிடத்தச் சல்லடையும், பேரு வைக்கிறப்ப அது காதுகிட்ட இடிக்க வெண்கல உரலும் வாங்கிட்டு, நாலு பொம்பளைங்களைக் கூட்டிட்டு வரேன். உனக்கு இருக்கிறது ஒரே வேலை. எது கடைசியா அணையுதுன்னு பாரு."

ரவூஃப் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அப்போது பார்த்து, ஏழு நாளில் முதன்முறையாக, பிள்ளை மெத்தையிலேயே கிடந்து தூங்கியது. வீடு அமைதியானது. அந்த அமைதி அவனை ஒரே அடியில் சாய்த்துவிட்டது.

அக்கா போட்ட கூச்சலில்தான் விழித்தான். வாசலில் சல்லடையும் உரலுமாகப் பெண்கள் நின்றார்கள். தட்டில் மூன்று மெழுகுக் குட்டைகள்.

"எதுடா கடைசி?"

திருதிருவென விழித்தான்.

"நாசமாப் போச்சு! ஏழாம் நாளும் அதுவுமா பேரில்லாம நிக்குது பிள்ளை!"

"வேற மூணு ஏத்தலாம்க்கா..."

"மெழுகுவர்த்திகிட்ட ஒருதடவை கேட்டதை மறுபடி கேப்பாங்களாடா? ஆகாதுடா!"

ரவூஃபுக்கு அழுகை முட்டியது. பேசாத தாய், பேரில்லாத பிள்ளை. அவனை நம்பி விட்ட ஒரே வேலையும் பாழ்.

"என்னோடதுதான்க்கா கடைசியா அணைஞ்சது" என்றாள் நக்வான், கட்டிலிலிருந்து.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் கன்னத்தில் தலையணைத் தையல் விரல் நீளத்துக்குப் பதிந்திருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அதுக்குத்தான் பேரே வைக்கலையேம்மா?"

"இப்ப வைக்கிறேன்."

நக்வான் பிள்ளையைத் தூக்கிக் காதோடு வாயை வைத்தாள். பக்கத்தில் இருந்ததால் ரவூஃபுக்கு மட்டும் கேட்டது.

"உங்க அப்பா லட்சணத்தைப் பாத்தியாடி? ஒரு மெழுகுவர்த்தியைப் பாத்துக்கத் தெரியல. நாம ரெண்டு பேரும் தூங்கினதையும் சொல்லிராத, ராவியா."

உரலில் உலக்கை விழுமுன்பே ராவியா வீறிட்டாள். பெண்கள் சிரித்தார்கள். ரவூஃப் குனிந்து தட்டிலிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினான். கண்ணீர் அதன்மேல் சொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரியும் அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. விருந்தாளிகள் போன பிறகு, கத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நக்வான் கூடத்தில் அங்குமிங்கும் நடந்தாள். சந்தையில் தக்காளி என்ன விலை விற்கிறது என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.