நாலாவது பெட்டியில் நாற்பத்தொரு கிலோ

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கண் பரிசோதனை, காது பரிசோதனை எல்லாம் வருஷா வருஷம் பாஸ். பதினாறு வருஷமாக ரயில் ஓட்டுகிறேன். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். எனக்கு அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு. வெயிலில் தண்டவாளம் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் நகரத்துக்குப் புது மின்சார ரயில்கள் வந்து இறங்கிய நேரம் அது. ஆறு பெட்டி, ஏசி, தானாக மூடும் கதவுகள். ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் காலி வண்டியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. இந்த ரயிலிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்று தானே நிறுத்துப் பார்த்து, ஓட்டுநர் அறைத் திரையில் காட்டிவிடும். சோதனைக் காலம் என்பதால் கிலோ சுத்தமாகத் தெரியும்படி வைத்திருந்தோம்.

கதவு மெக்கானிக் ஒரு அக்கா. ஒல்லியென்றால் அப்படியொரு ஒல்லி. அதனால் எல்லோருக்கும் பஞ்சு அக்கா. எடைத் திரையைச் சரிபார்த்த அன்று அவளை நாலாவது பெட்டியில் ஏற்றி நிற்கவைத்தோம். 41 என்று காட்டியது. "டிபன் பாக்ஸையும் சேர்த்துதான் தம்பி" என்றாள். டிப்போவே சிரித்தது. கதவு வேலை முடிந்துவிட்டால் என் அறைக் கதவை ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டுவாள். டக்... டக். அதைக் கேட்ட பிறகுதான் நான் வண்டியை எடுக்க வேண்டும். எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு.

ஒரே ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் இந்த ரயில் நகராது. நாலாவது பெட்டியின் இரண்டாவது கதவு சண்டித்தனம் செய்துகொண்டே இருந்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற வாரம் வேறு. எங்கள் இன்ஜினியர், எதற்கெடுத்தாலும் ஓகே ஓகே என்பதால் ஓகே சார், சென்சாரில் ஒரு துண்டு ஒயரைக் கட்டிவிடச் சொன்னார். கட்டிவிட்டால் கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாக ரயில் நம்பிவிடும். அக்கா முடியவே முடியாது என்றாள். அவரே கட்டினார். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் காலை அவள் டிப்போ மேடையில் நின்று, அந்தக் கதவுக்குள் கையை விட்டு ரப்பரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கதவு மூடிக்கொண்டது. என் திரையில் எல்லாம் பச்சை. ஓகே சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தட்டுச் சத்தம் வரவில்லை. வரவில்லை என்று தெரிந்தும் எடுத்தேன். 180 மீட்டர் போன பிறகுதான் கூச்சல் கேட்டது. கை கதவில் மாட்டி அதுவரை இழுபட்ட அக்கா பிழைக்கவில்லை.

விசாரணையில், 'அனுமதியில்லாமல் அவரே ஒயரைக் கட்டிக்கொண்டார்' என்று ஓகே சார் எழுதினார். கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. என் பதவி உயர்வுக் காகிதம் அவர் மேசையில் கிடந்தது, வேறென்ன. அக்காவின் கணவர் டிப்போ வாசலில் என்னை மறித்து, அவள் அப்படிச் செய்கிற ஆளா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஓடினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தது அந்த ஞாயிறு.

சோதனைப் பாதை முழுக்க மேம்பாலம். வண்டியில் நானும் ஓகே சாரும் மட்டும். முதல் பெட்டியில் இருக்கும் ஓட்டுநர் அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். திரையில் முதல் பெட்டி 165. நான் 71, அவர் 94. மற்ற ஐந்து பெட்டியும் பூஜ்யம்.

2:17. நாலாவது பெட்டி... 41.

அவரிடம் காட்டினேன். சென்சார் கோளாறு, அணைத்துப் போடு என்றார். அணைத்துப் போட்டேன். திரும்ப வந்தது. 41.

2:21. வண்டி தானாக நின்றது. சிவப்பு விளக்கு. நாலாவது பெட்டி, இரண்டாவது கதவு திறந்திருந்தது. ஓகே சார் வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே எழுந்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்தார்.

"வேணாம் சார். அது அவங்க கதவு."

"ஓகே, ஓகே. நீ ஒக்காரு."

போய்விட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பெட்டியில் 94. மூன்றாவதில் 94. நாலாவதில்... 135.

பிறகு 41. அவர் வெளியே பாலத்து நடைபாதையில் இறங்கிவிட்டார் என்று புரிந்தது. அங்கே நின்றுகொண்டு உள்ளே கையை விட்டால்தான் சென்சார் எட்டும். அவளும் அப்படித்தான் நின்றாள்.

பீப்... பீப்... பீப். கதவு மூடும் சத்தம்.

எல்லாம் பச்சை.

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை கைப்பிடியில் இல்லை. வண்டி நகர்ந்தது.

பிரேக்கை அழுத்தினேன். சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். நிற்கவில்லை. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

திரையில் தூரம் ஓடியது. 90... 140... 180.

நின்றது.

நாலாவது பெட்டி, 41.

மூன்றாவது பெட்டி, 41.

இரண்டாவது...

முதல் பெட்டி. 112.

அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

டக்...

டக்.

2:58-க்கு ஆட்கள் வந்து என்னை அறையிலிருந்து தூக்கி இறக்கினார்களாம். அதுவரை என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ஓகே சார் நாலாவது பெட்டியின் இரண்டாவது கதவில் பிணமாக இருந்தார். முழங்கை வரை உள்ளே. கைக்குள் அந்த ஒயர். ரயிலின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். 2:21-க்கு நின்ற வண்டி அதன்பிறகு ஓர் அடிகூட நகரவில்லை என்றது அது.

விசாரணைக்கு வந்த அதிகாரி தட்டச்சு செய்த காகிதத்தை என் முன்னால் வைத்தார். 'அனுமதியில்லாமல் அவரே ஒயரைக் கட்டிக்கொண்டார்.' பழைய அறிக்கையின் அதே வரி. கீழே சாட்சிக்கு இடம் விட்டிருந்தது. பேனாவை வாங்கி, அக்கா விஷயத்தில் நான் போட்டது பொய்க் கையெழுத்து என்று அதே காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். தட்டுச் சத்தம் வராமலே வண்டியை எடுத்ததையும் எழுதினேன். எழுதும்போது அழுதுவிட்டேன்.

வேலை போயிற்று. நகலை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "ரெண்டு மாசம் எங்க சார் போயிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

ஓட்டுநர் வேலையிலிருந்து போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. எடை மெஷினில் ஏறி நின்றேன். நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பழைய அட்டையைப் பார்த்தாள். பையில் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். நான் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். மெஷினில் அவளே ஏறிப் பார்த்தாள். சரியாகத்தான் காட்டியது. என்னை மறுபடி ஏறச் சொன்னாள்.

112.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. என் சட்டை எனக்கு அதே அளவுதான். இடுப்பு பெல்ட் அதே ஓட்டையில்தான் மாட்டுகிறது. உண்மையைச் சொல்லிவிட்டேனே, போதாதா அக்கா என்று வாய்விட்டே கேட்டுப் பார்த்துவிட்டேன். இதை எழுத உட்காருவதற்கு முன்னால், இன்று காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, தெருமுனை மருந்துக் கடை மெஷினில் ஏறி நின்றேன்.

நூற்றுப் பன்னிரண்டு. அவள் இன்னும் இறங்கவில்லை.