மீனின் இருமல்

கடைவீதி மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிற அந்த மனிதரை எல்லோரும் 'மீன்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்பது, தலை பாதி காலி. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் இன்னும் போகவில்லை. புதிதாக வருகிறவர்கள், மீன் விற்றாரோ, வளர்க்கிறாரோ என்று யோசிப்பார்கள். இரண்டும் இல்லை. அவருடைய அம்மா ஒரு படத்தில் மீனுக்குக் குரல் கொடுத்தவள்.

அது குழந்தைகளுக்கென்று எடுத்த மாயாஜாலப் படம். ஒரு சிறுவனின் நிழலை மந்திரவாதி திருடிக்கொண்டு போய்விடுவான். அதை மீட்க அவன் அக்கா, பத்து வயசுப் பொடிசு, பாழுங்கிணற்றுக்குள் இறங்குவாள். அடியில் ஒரு கிழட்டு மீன் அவளுக்கு வழி சொல்லும். உள்ளதைச் சொன்னால், அந்த மீன் வெறும் அட்டை. தூக்கிப் பிடித்த கயிறுகூடத் தெரியும். வாய் ஒரு நேரம் திறக்கும், பேச்சு இன்னொரு நேரம் வரும். யார் கவலைப்பட்டார்கள்? "பயப்படாதே கண்ணு. தண்ணிக்கு..." என்று ஆரம்பித்து, நடுவில் லேசாக ஒரு இருமல் இருமி, "அடியிலயும் பொழுது விடியும்" என்று அது முடிக்கும்போது தியேட்டரே மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மீனுக்கு மொத்தம் ஒன்பது வாக்கியம்.

அம்மா பெரிய குரல்காரி ஒன்றும் இல்லை. கூட்டத்தில் அழுவது, கல்யாண வீட்டில் சிரிப்பது, சந்தையில் கூவுவது என்று பத்தோடு பதினொன்றாகக் கத்திவிட்டு வருகிறவள். மீனுக்குப் பேச வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. "நீ பேசிப் பாரும்மா" என்று ஒலிப்பதிவுக்காரர் அம்மாவைக் கைகாட்டினார். ஆறு வயசு மகனை வீட்டில் விட ஆள் இல்லாததால் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவன் ஸ்டூலுக்குக் கீழே, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அம்மா கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொள்வதைக் கீழேயிருந்து பார்த்தான். எவ்வளவு அடக்கியும் ஒரே ஒரு இருமல் தப்பித்து வெளியே வந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒலிப்பதிவுக்காரர் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "கிழட்டு மீனுக்கு இது நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நான் இருமினதை அப்பாகிட்ட சொல்லாதடா கண்ணு" என்றாள். அவன் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் நுரையீரல் அவளைக் கொண்டுபோய்விட்டது. படம் அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. அப்பா கடைசிவரை அதைப் பார்க்கவே இல்லை.

அம்மாவுக்கு ஒரு போட்டோ இருக்கிறது. குரல் வேறெங்கும் இல்லை, அந்த ஒன்பது வாக்கியத்தைத் தவிர. டிவியில் வருடாவருடம் பள்ளி விடுமுறையில் படத்தைப் போடுவார்கள். அவர் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவார். ஒரு வருடம் கேசட்டில் பதிந்தும் வைத்தார். பீரோவில் கிடந்த கேசட்டில் பூஞ்சை பிடித்து, சரிசெய்யக் கொடுத்த இடத்தில் நாடா துண்டு துண்டாக வந்தது. பிறகு டிவியில் போடுவதும் நின்றுபோனது. யாரோ பெரிய கம்பெனி படத்தைப் புதிதாக எடுக்கப்போகிறது, அதனால் பழையதை இனி எங்கும் காட்டமாட்டார்கள் என்றார்கள். தேடாத இடமில்லை. நான்கு வருடமாக மனிதர் அந்தக் குரலைக் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் பதினோரு வயது மகள் ஒருநாள், வீட்டில் ஒரு ஃப்ரேமை முடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினாள். "அப்பா, உங்க மீன் படம் வருது!"

டிரெய்லர். குண்டு வெடிக்கிறது, வானம் பிளக்கிறது, எவனெவனோ பறக்கிறான். அந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒரு நொடி இருட்டு. கிணறு. தண்ணீருக்குள் ஒரு சின்ன இருமல்.

அவர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. "அம்மா!" என்றார்.

மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் மறுபடியும். பழைய ஒலிநாடாவைத் தேடிப் பிடித்து அப்படியே சேர்த்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை.

"என்னங்க, இருமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்? பேச்சு வந்தாலாவது சொல்லலாம்."

"பெத்தவ இருமல் எனக்குத் தெரியாதா? ஸ்டூலுக்கு அடியில உக்காந்து கேட்டவன்டி நான்!"

அப்புறம் அவரைப் பிடிக்கவா முடியும்? கால் தரையில் பாவவில்லை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்தைப் படிக்கட்டும் என்றுகூட விடவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை எங்க அம்மா பேசறாங்க, கேட்டுட்டு வாங்க" என்று ஆளைப் பிடித்துச் சொன்னார். கடை முதலாளி, "யோவ் மீனு, அந்த அம்மா ஃப்ரேம் கேட்டு வந்திருக்காங்கய்யா, படத்துக்கு ஆள் பிடிக்காதே" என்று அதட்டினார். அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட். இஸ்திரி போட்ட சட்டை. மகளிடம் மட்டும் வழியெல்லாம் ஒரே பேச்சு: "மீன் வந்தா பேசக்கூடாது, பாப்கார்னைக் கொறிக்கக்கூடாது. உன் பாட்டி குரலை நீ கேட்டதே இல்ல."

படம் ஆரம்பித்தது. பத்து வயசுப் பொடிசு இப்போது வாளோடு வந்த வயசுப் பெண். நிழலைப் பறிகொடுத்த தம்பியைக் காணோம். அவனுக்குப் பதில் ஒரு காதலன். இருக்கட்டும், காலம் மாறிவிட்டது என்று மீன் பொறுத்துக்கொண்டார். அட்டை, கயிறு, எல்லாம் போய்த் தொலையட்டும், அவருக்கு வேண்டியது ஒன்பது வாக்கியம்.

இடைவேளைக்கு அப்புறம் கிணறு வந்தது. அவர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். தங்கச் செதிலோடு கப்பல் அளவுக்கு ஒரு மீன் எழுந்து வந்து வாயைத் திறந்தது. ஒரு ஆம்பளையின் குரல், வேண்டுமென்றே கரகரவென்று ஆக்கிய குரல், வந்தது. "பயப்படாதே கண்ணு. தண்ணிக்கு..."

இருமியது. அந்த இருமலில் தண்ணீர் கொப்பளித்து, கதாநாயகி குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு பாறையில் போய் ஒட்டிக்கொண்டாள். தியேட்டர் கொல்லென்று சிரித்தது. அவள் எழுந்து வந்தாள். மீன் மறுபடி ஆரம்பித்தது, மறுபடி இருமியது, அவள் மறுபடி பறந்தாள். ஏழு தடவை! வாக்கியத்தை முடிக்கவே இல்லை. விசில் பறந்தது. பக்கத்து சீட்டில் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்கார்ன் மடியெல்லாம் கொட்டியது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழில் முதல் இருமல்தான் டிரெய்லரில் வந்தது. அது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. யாரோ ஒரு கூலிக்காரன் பழைய படத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகி இருமியதை, அம்மா என்று கூப்பிட்டிருக்கிறார். ஊரையே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். பெத்தவ இருமல் தெரியாதா என்று கேட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? கண்ணை மூடி அம்மாவின் இருமலை நினைத்துப் பார்த்தார். இந்த இருமல்தான் வந்தது. ஸ்டூல், கைக்குட்டை, பஸ் எல்லாம் அப்படியே இருந்தன. சத்தம் மட்டும் கைநழுவிவிட்டது.

ஆனாலும் எழுந்து போகவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நின்றுகொண்டே படித்தார். ஆயிரம் பெயர் ஓடியது. கடைசியில் 'பழைய படத்தில் உழைத்த அனைவருக்கும் நன்றி' என்று ஒரு வரி. சீட்டுக்கு அடியில் கூட்ட வந்த பெண், "சார், கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றபோதுதான் வெளியே வந்தார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மகள் முன்னால் குதித்துக்கொண்டே போனாள்.

"பாட்டி குரல் எப்பப்பா வந்துச்சு? நான் கவனிக்கலையே."

"வரலைம்மா."

"மீன் செம காமெடிப்பா! இங்க பாருங்களேன்." அவள் நடைபாதையில் நின்று கன்னத்தை உப்பிக்கொண்டு, "பயப்படாதே கண்ணு, தண்ணிக்கு..." என்று ஆரம்பித்து, உடம்பையே குலுக்கி ஒரு இருமல் இருமினாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய், சும்மா வாடி" என்று மனைவி அதட்டினாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"அப்படி இல்லம்மா. சின்னதா இருமணும்."

மகள் சின்னதாக இருமினாள்.

"இன்னும் சின்னதா. வாயை மூடிட்டு. யாருக்கும் தெரியக்கூடாது."

அவள் வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே இருமிப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அதுதானா, இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"மீன் எதுக்குப்பா இருமலை மறைக்கணும்?"

"தெரிஞ்சா மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

மகள் அப்பா முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பாட்டிக்கு நெஜமாவே இருமலாப்பா?"

"ஆமா."

"நான் சிரிச்சுட்டேனேப்பா."

அவர் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். பஸ் வந்து நின்றது. மனைவி முதலில் ஏறி இடம் பிடித்தாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்" என்றார் மகளிடம். "எனக்கே அடையாளம் தெரியலையே."