முத்துலெட்சுமிக்கு நடந்த என்கொயரி

வி.ஏ.ஓ. வேலை என்பது பாதி கையெழுத்து, மீதி என்கொயரி. நீங்களும் ஏதாவது ஒரு சான்றிதழுக்காக எங்கள் என்கொயரிக்குக் காத்துக் கிடந்தவராகத்தான் இருப்பீர்கள். காக்க வைத்தவன் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த என்கொயரி?

கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து மணமேல்குடிக்கு மாறுதலாகி வந்த புதிது. விதவைச் சான்று கேட்டிருந்த முத்துலெட்சுமியின் வீட்டுக்கு டீக்கடையில் வழி கேட்டேன். "ஒரு என்கொயரி" என்றேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கல்யாண என்கொயரியா, பாஸ்போர்ட்டா, போலீஸ் கேஸா? சொன்னீங்கன்னாத்தான் நல்லதச் சொல்றதா, கெட்டதச் சொல்றதான்னு தெரியும்."

கோர்ட்டும் கடலும்

முத்துலெட்சுமியின் கணவர் மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஏழு வருடம் காத்திருந்து, கோர்ட் உத்தரவில் இறப்புச் சான்று வாங்கியிருந்தார். விதவைச் சான்றும் இருந்தால் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலைக்கு முன்னுரிமை உண்டு. அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்.

கதவைத் திறந்தவரின் கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம். நான் வாயெடுக்கும் முன்பே அவர் சொன்னார்: "செத்துட்டாருன்னு கோர்ட்டு சொல்லிருச்சுங்க சார். கடலு இன்னும் சொல்லலயே."

ஒரு வரி

கண்டதை எழுது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். 'மனுதாரர் தாலி அணிந்துள்ளார்' என்று நானும் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். ஃபைல் தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது: மறுமணம் ஆனவரா என்று மறு என்கொயரி செய்யவும். அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா வெளுத்து வாங்கிவிட்டார்: "வலையில மீனு பிரிச்சு ஒத்தயில பொழைக்கிறவ அவ. இங்கிட்டு வந்து அவ ஒழுக்கத்தையா என்கொயரி பண்றீங்க?"

மறுநாள்

முத்துலெட்சுமியே ஆபீஸுக்கு வந்தார். நெற்றியில் குங்குமம் இல்லை. கழற்றிய தாலியைக் கர்சீஃபில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. "வேண்டாம்மா, போட்டுக்கங்க. விளக்கமா நான் மாத்தி எழுதுறேன்" என்றேன்.

"எங்க மாமியா சொல்லிக் கழட்டல, எங்கண்ணன் சொல்லிக் கழட்டல. நீங்க கழட்ட வச்சிட்டீங்க. எழுதிக்கங்க சார்."

சான்று கிடைத்தது, வேலையும் கிடைத்தது. ஒருவர் செத்துப்போனதை அவர் மனைவியையே நம்பவைத்த அதுதான், என் சர்வீஸில் நான் முழுசாக முடித்த ஒரே என்கொயரி.