அக்கா வைத்த பிரேக்

என் அக்கா, சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் மெஷின் மெக்கானிக். முந்நூறு மெஷின்களில் எது மக்கர் பண்ணினாலும் அவளைத் தேடித்தான் ஆள் வரும். ஐம்பது வயதில் அவளுக்கு ஒரு கார் ஆசை வந்தது. வாங்குகிற ஆசை இல்லை, செய்கிற ஆசை. இரும்புக் குழாய்களை வெட்டி வெல்டிங் வைத்துச் சட்டம் கட்டினாள். ஒரு பழைய காரின் எஞ்சினை அதில் உட்கார வைத்தாள். மூன்று வருஷம் அவள் வீட்டு ஷெட்டில் ஒரு சைக்கிளைக்கூட நிறுத்த முடியவில்லை.

அவள் கணவர், எங்கள் மாமா, முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு ஒரே கேள்விதான். "ஓடும்னு நானும் நம்புறேன். நிக்குமா?"

அதனாலேயே பிரேக்குக்கு மட்டும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். பழைய வேன் ஒன்றின் பெடலைக் கொண்டுவந்து, காலின் பலம் ஐந்து மடங்காகப் போய்ச் சேரும்படி அளந்து துளை போட்டாள். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவரில் புது மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டினாள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை நான்கு சக்கரத்துக்கும் தள்ளுவது அதுதான். ஆயில் ஊற்றி, குழாயிலிருந்து காற்றை எடுத்தாள்.

மாமா ஏறி உட்கார்ந்து மிதித்தார். முகம் சுளித்தார். "பஞ்சு மாதிரி அமுங்குது."

குழாயில் இன்னும் காற்று இருக்கிறது என்றோம் எல்லோரும். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மறுபடி எடுத்தாள். ஐந்து தடவை எடுத்தும் பெடல் அதே பஞ்சு. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தார். "வண்டி நிக்குதில்ல? அப்புறம் என்னக்கா? ஓட்ட ஓட்டச் சரியாயிடும்."

திங்கட்கிழமை வண்டியை ஆர்.டி.ஓ. அதிகாரியிடம் சோதனைக்குக் கொண்டுபோவதாக இருந்தது. அக்கா போன் போட்டாள். "சார், பிரேக் எனக்குத் திருப்தியா இல்ல. இன்னொரு நாள் குடுங்க."

அந்தப் பக்கம் அதிகாரி சிரித்துவிட்டார். "வழக்கமா நாங்கதாம்மா இதைச் சொல்லுவோம்" என்றாராம்.

அடுத்த நாள் அவள் மாமாவை மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டுச் சிலிண்டர் மேல் விரலை வைத்தாள். டார்ச் பிடித்தது நான்.

"மிதிங்க. விடுங்க. இன்னொரு தடவை." பிறகு உரக்கச் சிரித்தாள். "இங்க வந்து பாருங்க! நான் சொல்றதுக்கெல்லாம் நீங்க தலையாட்டுற மாதிரியே இதுவும் ஆட்டுது."

உண்மைதான். ஒவ்வொரு மிதிக்கும் தகரச் சுவர் முன்னே வளைந்தது, சிலிண்டரும் கூடவே போனது. காலின் பலத்தில் பாதியைத் தகரமே தின்றுகொண்டிருந்தது. ஆயிலில் ஒரு குறையும் இல்லை.

"என் தப்புதான். சுவர் தாங்கும்னு நினைச்சுட்டேன்" என்றாள். பூட்டியதையெல்லாம் கழற்றினாள். கனமான இரும்புத் தகடு ஒன்றை வெட்டி, இரண்டு முட்டுக் கொடுத்துச் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்தாள். சிலிண்டரையும் பெடலையும் அந்த ஒரே தகட்டில் மாட்டினாள். நான்கு மாலைகள் போயின. மறுபடி ஆயில், மறுபடி காற்று.

மாமா மிதித்தார். பெடல் ஒரு விரற்கடை இறங்கி, கல்லாக நின்றது. இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குக் கை கொடுத்ததை நான் பார்த்ததே இல்லை.

சோதனையில் வண்டி கோடு கிழித்ததுபோல் நேராக நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி அந்தத் தகட்டைக் குனிந்து பார்த்தார். "யாரு வெல்டிங்?"

"நான்தான் சார்."

திரும்பும்போது அக்கா ஓட்டினாள். மாமா பக்கத்து சீட்டில், நான் பின்னால். முதல் சிக்னல் வரை அவருடைய வலது கால், தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மூன்றாவது சிக்னலில் எட்டிப் பார்த்தேன். காலை மடக்கி உட்கார்ந்து, ஜன்னல் வழியே கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.